வென்ற பெண்குதிரை ஓடட்டுமா, பண்ணைக்குப் போகட்டுமா? பந்தய ஆணையங்களுக்கும் உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

குதிரைப் பந்தய ஆணையங்களின் பொறுப்பாளர்களுக்கும், பந்தயப் பெண்குதிரைகளின் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டின் பெரிய பந்தயங்கள் முடிந்த கையோடு ஏறக்குறைய ஒரே வாசகத்தில் அறிவிப்புகள் வெளியாகின்றன. நன்றாக ஓடி வென்ற ஒரு பெண்குதிரையின் பெயரைச் சொல்லி, அது சாதிக்க வேண்டியதைச் சாதித்துவிட்டது, இனிக் குட்டி ஈனும் இனப்பெருக்கப் பண்ணையில் ஓய்வாக இருக்கும் என்று முடிப்பார்கள். அந்தக் குதிரைக்குப் பெரும்பாலும் நான்கு வயதுதான் ஆகியிருக்கும். சிலவற்றுக்கு மூன்றுகூட நிறைந்திராது. காலில் குறையில்லை, தீவனத்தை மிச்சம் வைப்பதில்லை, காலையில் பயிற்சிக்குப் புறப்படும்போது கடிவாளத்தை இழுத்துக்கொண்டு முன்னே நிற்கிறது. அப்படிப்பட்ட குதிரையை எந்தக் காரணத்துக்காகக் களத்திலிருந்து விலக்குகிறோம் என்பதை நீங்கள் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். உடல்நலம் உள்ள, ஓட விருப்பம் காட்டுகிற பெண்குதிரைக்கு நான்கு, ஐந்து வயதிலும் களம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை விலக்கும் முடிவை அதன் உடல் எடுக்கட்டும். ஏலச் சந்தையின் நாள்காட்டி எடுக்க வேண்டாம்.

முதலில், பண்ணை வாழ்க்கையை ஓய்வு என்று சொல்வதை நிறுத்துங்கள். வடகோளத்தில் தரோபிரெட் எனப்படும் பந்தய இனக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடுகிறது. தென்கோளத்தில் அந்த நாள் ஆகஸ்ட் 1. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் பிறக்கும் குட்டிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். ஆனால் பெண்குதிரையின் உடலோ பகல்பொழுது நீளும் வசந்த காலத்தில்தான் இயல்பாகச் சினைப் பருவத்துக்கு வருகிறது. இந்த இடைவெளியை அடைப்பதற்காக, டிசம்பர் தொடக்கத்திலிருந்தே கொட்டடியில் விளக்கேற்றி, பகலும் விளக்குமாகச் சேர்ந்து நாளொன்றுக்குப் 16 மணி நேர வெளிச்சம் கிடைக்கும்படி செய்கிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில் பிரீடர்ஸ் கப் என்னும் அமெரிக்காவின் பெரும் பந்தயத் தொடரில் ஓடிய குதிரை, அடுத்த சில வாரங்களில் அந்த விளக்கின் கீழ் நிற்கிறது. பிப்ரவரி நடுவில் இணைசேர்க்கும் பருவம் தொடங்கிவிடும். கருமுட்டையின் வளர்ச்சியைப் பார்க்க மருத்துவர் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்கிறார். இணைசேர்த்த இரண்டு வாரத்தில் மறுபடியும் ஸ்கேன். இரட்டைக் கரு தென்பட்டால் ஒன்றை அப்போதே நீக்கிவிட வேண்டும், ஏனெனில் இரண்டையும் சுமந்து நலமாக ஈனும் குதிரை மிக அரிது.

சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். ஆண்டுக்கு ஒரு குட்டி, அதுவும் சென்ற ஆண்டின் அதே தேதியையொட்டிப் பிறக்க வேண்டும் என்று கணக்கிட்டால், குட்டி ஈன்ற குதிரை மீண்டும் சினைப்படுவதற்கு 25 நாள்தான் மிஞ்சுகிறது. பால் குடிக்கும் குட்டி பக்கத்தில் நிற்க, தாய் மறுபடியும் பொலிக்குதிரையிடம் கொண்டுசெல்லப்படுகிறது. இது பதின்வயதின் நடுப்பகுதிவரை, சில குதிரைகளுக்கு அதற்கு மேலும் தொடர்கிறது. இதை உழைப்பு என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். பந்தயத்தைப் போலவே இதுவும் உடலை விலையாகக் கேட்கிற வேலை.

அந்த விலை எவ்வளவு என்பதை நம் காலத்தின் மிகச் சிறந்த பெண்குதிரைகளே காட்டியிருக்கின்றன. ரேச்சல் அலெக்சாண்ட்ரா 2009-இல் அமெரிக்காவின் பெரிய பந்தயங்களில் ஒன்றான பிரீக்னஸை வென்றது. 1924-க்குப் பிறகு ஒரு பெண்குதிரை அதை வென்றது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் வயது முதிர்ந்த ஆண்குதிரைகளையும் வீழ்த்தி, அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரையாகத் தேர்வானது. 2010-இல் களத்தைவிட்டு விலகியது. 2013-இல் இரண்டாவது குட்டியை ஈன்ற பிறகு பெருங்குடல் பாதிக்கப்பட்டு, பெரிய அறுவை சிகிச்சைக்கு ஆளாகி, உயிருக்குப் போராடி மீண்டது. அதன்பின் அதை இணைசேர்க்கவே இல்லை. 1993-இல் பிரான்ஸின் பெரும் பந்தயமான ஆர்க் த ட்ரியோம்ஃபை (சுருக்கமாக ஆர்க்) வென்ற அர்பன் சீ, பெயர்பெற்ற ஆண்குதிரைகளான கலிலியோவுக்கும் சீ த ஸ்டார்ஸுக்கும் தாய். உலகத் தரோபிரெட் வம்சத்தையே மாற்றியமைத்த குதிரை என்று சொன்னாலும் மிகையில்லை. 2009-இல் ஒரு குட்டியை ஈன்றபோது ஏற்பட்ட சிக்கலில் அது இறந்தது. அதே ஆண்டில்தான் மகன் சீ த ஸ்டார்ஸ் இங்கிலாந்தின் டெர்பியையும் ஆர்க்கையும் வென்றது. 25 பந்தயங்களில் ஓடி 25-இலும் வென்ற ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர், 2024 ஆகஸ்டில், தன் 18-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, கடைசிக் குட்டியை ஈன்ற சிறிது நேரத்தில் லாமினைட்டிஸ் என்னும் குளம்பு நோயின் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது. களத்தில் யாராலும் தோற்கடிக்க முடியாத குதிரையின் உயிரைப் பண்ணை வாழ்க்கைதான் பறித்தது.

பந்தயக்களம் ஆபத்தற்ற இடம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் 1975 ஜூலையில் அமெரிக்காவின் பெல்மான்ட் பார்க் களத்தில் கால் முறிந்த ரஃபியனையும், 1990-இல் அதே களத்தில் பிரீடர்ஸ் கப் டிஸ்டாஃப் பந்தயத்தின் கடைசி நீளோட்டத்தில் விழுந்த கோ ஃபார் வாண்டையும், 2008-இல் கென்டக்கி டெர்பியில் இரண்டாவதாக வந்து, கோட்டைக் கடந்தபின் முன்னங்கால் இரண்டும் முறிந்து சரிந்த எய்ட் பெல்ஸையும் மறந்தவனாவேன். பெண்குதிரைகளை விரைவில் பண்ணைக்கு அனுப்ப வேண்டும் என்போர் இந்த மூன்று பெயர்களையும் தவறாமல் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் அப்போது வயது மூன்று. வயதான பின்னும் ஓடவிட்டதால் இறந்த குதிரைகள் அல்ல இவை. ‘மூன்று வயதோடு நிறுத்திவிடுவோம்’ என்ற விதி இவற்றில் ஒன்றைக்கூடக் காப்பாற்றியிருக்காது. இவற்றைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வேறு: நல்ல ஓடுதளம், முன்கூட்டிய எலும்புப் பரிசோதனை, சந்தேகம் வந்தால் ஓட்டத்திலிருந்து விலக்கும் துணிவு. தரோபிரெட் வம்சப் பதிவேட்டை நடத்தும் அமெரிக்க ஜாக்கி கிளப் தொகுத்துவரும் குதிரைக் காயத் தரவுத்தளத்தின்படி, 2009-இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 ஆக இருந்த உயிரிழப்பு விகிதம் 2023-இல் 1.32 ஆகக் குறைந்திருக்கிறது. யாரும் குதிரைகளை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்ததால் வந்த குறைவு அன்று இது. இழப்புகளை எண்ணத் தொடங்கிய பிறகு, கண்காணிப்பை இறுக்கியதால் வந்தது.

அடுத்து, ஓர் எளிய கணக்கு. ஒரு பொலிக்குதிரை ஒரு பருவத்தில் நூறு, நூற்றைம்பது பெண்குதிரைகளோடு இணைசேர்க்கப்படுகிறது. ஆகவே ஆண்குதிரையை இன்னொரு ஆண்டு ஓடவிட்டால் உரிமையாளர் இழக்கும் வருமானம் மிகப் பெரிது. அவர் அவசரப்படுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பெண்குதிரை ஓர் ஆண்டு கூடுதலாக ஓடினால் இழப்பது ஒரே ஒரு குட்டி. பண்ணையில் பத்துக்கு மேற்பட்ட ஈற்றுக்கு வாய்ப்புள்ள ஒரு குதிரைக்கு, ஒன்று குறைந்தால் என்ன கெட்டுவிடும்? ஆண்குதிரைக்குப் பொருந்துகிற அவசரத்தை அப்படியே பெண்குதிரைக்கும் பொருத்துகிறோம் என்பதே என் முதன்மையான குறை.

இதற்கு மறுமொழியாக ஏலத் தொகையைச் சுட்டிக்காட்டுவார்கள். 2012 நவம்பரில் ஹாவ்ர த கிரேஸ் என்னும் பெண்குதிரை 1 கோடி டாலருக்கு விற்பனையானது. அந்தத் தொகையை எதிர்பார்த்து நிற்கும் உரிமையாளரிடம் இன்னொரு பருவம் ஓடவிடுங்கள் என்று சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் 2020 நவம்பரில் 95 லட்சம் டாலருக்கு விற்கப்பட்ட மோனோமாய் கேர்லைப் புதிய உரிமையாளர்கள் நேரே பண்ணைக்கு அனுப்பிவிடவில்லை. ஆறு வயதில் மீண்டும் ஓடவிட்டார்கள். அந்த ஆண்டில் அது ஒரு பந்தயத்தை வென்றது, இன்னொன்றில் நூலிழையில் தோற்றது, பிறகு காயம் தெரிந்ததும் நிறுத்தினார்கள். பெரும் விலை கொடுத்தவர்களாலும் அப்படி நடந்துகொள்ள முடியும்.

வெற்றிபெற்ற தாய் வெற்றிபெறும் குட்டியைத்தான் தரும் என்ற நம்பிக்கைதான் இந்த அவசரத்துக்கு அடியில் இருக்கிறது. 20 ஓட்டங்களில் 19 வென்ற அமெரிக்காவின் ஸென்யாட்டாவின் குட்டிகளில் எதுவும் தாயின் அருகில்கூட வரவில்லை; ஒரு பெண்குட்டி பிறந்த சில நாளில் இறந்தது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பெண்குதிரை வின்க்ஸின் முதல் குட்டியும் 2020-இல் பிழைக்கவில்லை. அடுத்துப் பிறந்த பெண்குட்டி 2024-இல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. அதை எடுத்தவர் வின்க்ஸின் உரிமையாளர்களில் ஒருவர். இன்னொரு பக்கம், பிளாக் கேவியரின் தாய் ஹெல்சிங்கே ஒரு பந்தயத்தில்கூட ஓடியதில்லை. களத்தில் அரிய குதிரை பண்ணையிலும் அரிதாக அமைவதற்கும் சான்று உண்டு: மியெஸ்க் இரண்டு முறை பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தை வென்று, பெயர்பெற்ற பொலிக்குதிரையான கிங்மாம்போவை ஈன்றது, பர்சனல் என்சைன் 13 ஓட்டங்களிலும் தோற்காமல் விலகி, அதன் மகளும் பேத்தியும் பிரீடர்ஸ் கப் பந்தயங்களை வென்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, குட்டி எப்படி அமையும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பது மட்டுமே விளங்குகிறது. தெரியாத அந்தக் குட்டிக்காகக் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும் தாயை ஏன் அவசரமாக நிறுத்துகிறீர்கள்? நீண்ட காலம் ஓடியதால் தாய்மை பாழாகும் என்பாரும் உண்டு. ஜப்பானின் ஜென்டில்டோனா 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜப்பான் கப்பை வென்று, ஐந்து வயதில் 2014-ஆம் ஆண்டின் அரிமா கினென் பந்தயத்தையும் வென்ற பிறகே பண்ணைக்குச் சென்றது. அதன் மகள் ஜெரால்டினா 2022-இல் குயீன் எலிசபெத் கோப்பையை வென்றது.

முன்கூட்டிய ஓய்வால் நாம் எதை இழக்கிறோம் என்பதற்கு வின்க்ஸைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதன் முதல் பத்து ஓட்டங்களில் ஆறு தோல்விகள். நல்ல இளம் பெண்குதிரை என்று சொல்லி அங்கேயே பண்ணைக்கு அனுப்பியிருந்தால், எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பயிற்சியாளர் கிறிஸ் வாலரும் உரிமையாளர்களும் பொறுத்திருந்தார்கள். அடுத்த 33 ஓட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான காக்ஸ் பிளேட்டை 2015 முதல் 2018 வரை நான்கு முறை தொடர்ந்து வென்று, ஏழு வயதில், 2019 ஏப்ரலில், வெற்றியோடு விலகியது. ஆல்பினிஸ்டா 2022-இல் ஐந்து வயதில்தான் ஆர்க்கை வென்றது. கோல்டிகோவா பிரீடர்ஸ் கப் மைலை மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து வென்றது. பெண்குதிரை மெதுவாக முதிர்ந்து ஐந்து வயதில் உச்சம் தொடுவது அரிய விதிவிலக்கு என்று இனியும் சொல்ல முடியாது.

தோல்வி பயமும் உங்கள் முடிவுகளில் பெரும் பங்கு வகிக்கிறது என்பதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2014-இல் பிரான்ஸின் த்ரெவ் என்னும் பெண்குதிரை மூன்று முறை தொடர்ந்து தோற்றது. முந்தைய ஆண்டின் ஆர்க் வெற்றியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று பலர் பேசினார்கள். முதுகிலும் குளம்பிலும் இருந்த தொல்லைகளைப் பொறுமையாகச் சரிசெய்து, பயிற்சியாளர் கிரிகெட் ஹெட்-மாரெக் அதை அக்டோபரில் மீண்டும் ஆர்க்கில் இறக்கினார். அது இரண்டாம் முறையும் வென்றது. மறு ஆண்டில் நான்காவதாக வந்தது. அந்த நான்காம் இடம் அதன் பெருமையில் எதைக் குறைத்தது? 2010-இல் அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸ் களத்தில் ஸென்யாட்டா வழக்கம்போல் கடைசியில் ஓடிவந்து, நேர்த்தடத்தில் ஒவ்வொரு குதிரையாகக் கடந்து, பிளேம் என்னும் ஆண்குதிரையிடம் ஒரு தலையளவில் தோற்றதே, அந்த ஓட்டத்தை அதன் வெற்றிகளில் பலவற்றைவிட அதிகமானோர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆறு வயதில் ஆண்குதிரைகளோடு மோதவிட்ட அதன் உரிமையாளர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதேநேரம், முடியும்வரை ஓடட்டும் என்பதும் என் வாதமன்று. எப்போது நிறுத்துவது என்பதற்கான விடை குதிரையின் காலில் இருக்கிறது. நன்கு தேர்ந்த குதிரைக்காரர் காலையில் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துத் தடவிப் பார்க்கிறார். நேற்று இல்லாத இளஞ்சூடு தசைநாணில் தென்பட்டால் அன்றைய வேக ஓட்டம் ரத்து. கல்பாவிய முற்றத்தில் நடக்கவிட்டு, குளம்போசையின் தாளம் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார். தீவனத் தொட்டியில் மிச்சம் இருக்கிறதா, சேணத்தைக் கண்டதும் காதைப் பின்னால் மடிக்கிறதா என்று பார்க்கிறார். இந்த அறிகுறிகள் சில வாரங்கள் நீடித்தால், எந்தக் கோப்பை எதிரே இருந்தாலும் நிறுத்த வேண்டும். 2012 ஜூனில் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தயங்களில் பிளாக் கேவியர் ஒரு தலையளவில் மட்டுமே வென்றபோது, ஜாக்கி இறுதியில் குதிரையை விரட்டாமல் தளர்த்திவிட்டார் என்றே பலரும் பேசினார்கள். பின்னர் சோதித்தபோது தசைகளில் பெரிய கிழிசல் இருந்தது தெரியவந்தது. பயிற்சியாளர் பீட்டர் மூடி மாதக்கணக்கில் ஓய்வளித்தார், 2013-இல் திரும்பிவந்து மூன்று பந்தயங்களை வென்றது, அதன்பின் நிறுத்திவிட்டார்கள். காயம் வந்ததும் கைவிடவும் இல்லை, குணமானதும் அளவுக்கு மீறி ஓட்டவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மக்கைபி டிவாவையும் உரிய நேரத்தில் நிறுத்தினார்கள்: 2005-இல் 58 கிலோ சுமந்து மூன்றாவது மெல்பர்ன் கோப்பையை வென்ற அன்றே ஓய்வை அறிவித்தார்கள். அது சரியான நாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போலோவிலும் தடை தாண்டும் போட்டிகளிலும் கருமாற்று முறையில் வேறொரு குதிரை குட்டியைச் சுமக்க, தாய் தொடர்ந்து போட்டியிடுகிறது. தரோபிரெட் பதிவேடுகளோ இயற்கையான இணைசேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே ஏற்கின்றன. இந்த விதியை மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஆனால் இந்த விதி இருப்பதனால்தான் பந்தயமா பண்ணையா என்ற தேர்வு இவ்வளவு கடுமையாக இருக்கிறது. சினையான குதிரையை 120 நாள்வரை ஓடவிடலாம் என்று பிரிட்டனில் இருக்கும் அனுமதி இதற்கு மாற்றாகாது; வென்று களைத்த குதிரைமீது இரண்டு சுமைகளையும் ஒருசேர ஏற்றுவது எனக்கு ஏற்புடையதன்று.

ஆணையங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. நான்கு வயதுக்கு மேற்பட்ட பெண்குதிரைகளுக்கான முதல்தரப் பந்தயங்களை இன்னும் விரிவாக்குங்கள். 1999-இல் பெண்குதிரைகளுக்கான புல்தரைப் பந்தயமான பிரீடர்ஸ் கப் ஃபில்லி அண்ட் மேர் டர்ஃப் தொடங்கப்பட்டது போன்ற முயற்சிகளுக்குப் பிறகே, முதிர்ந்த பெண்குதிரைகளைப் பயிற்சியில் வைத்திருக்க உரிமையாளர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. பரிசுத் தொகை உயர்ந்தால் ஏலத்தின் இழுவிசை குறையும். பெரிய பந்தயங்களுக்கு முன் கால் எலும்புகளை ஸ்கேன் செய்வதை ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்குதிரைகளுக்கும் பருவத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்குங்கள். மெல்பர்ன் கோப்பைக்கு வரும் வெளிநாட்டுக் குதிரைகளுக்கு சி.டி. ஸ்கேன் கட்டாயமானபோது அது இயலாத காரியம் என்று சொன்னவர்கள் உண்டு, இயன்றதே. அந்த மருத்துவர் உரிமையாளரிடமோ பயிற்சியாளரிடமோ சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒவ்வொரு பெண்குதிரையும் அந்த ஆண்டு குட்டி ஈன்றதா, கரு கலைந்ததா, குட்டி இறந்து பிறந்ததா, தாயே இறந்ததா என்ற விவரத்தை வம்சப் பதிவேடுகள் ஏற்கெனவே ஆண்டுதோறும் பண்ணைகளிடம் கேட்டு வாங்குகின்றன. களத்தில் நேரும் இறப்புகளை ஆயிரத்துக்கு இத்தனை என்று வெளியிடுவது போலவே, பண்ணையில் நேரும் இறப்புகளையும் தாயின் வயதுவாரியாக, எத்தனையாவது ஈற்று என்பதோடு, விகிதக் கணக்காக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அப்போதுதான் எங்கே ஆபத்து அதிகம் என்பதை ஊகத்தை விட்டுவிட்டு எண்களைக் கொண்டு பேச முடியும்.

உரிமையாளர்களே, உங்கள் குதிரை இந்தப் பருவத்தை நலமாக முடித்திருந்தால், ஏலப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதற்கு முன் அதைச் சில வாரங்கள் புல்வெளியில் விட்டுவிட்டு, பயிற்சியாளரையும் கால்நடை மருத்துவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஓடலாம் என்றால் இன்னொரு பருவம் கொடுங்கள். ஏற்கெனவே பண்ணைக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால், ஈற்றுக்கு ஈற்று 25 நாள் என்று துரத்தாமல், சில ஆண்டுகளாவது அதைச் சினைப்படுத்தாமல் விடுங்கள். பதினைந்து வயதைத் தாண்டியதும், இன்னொரு குட்டி வேண்டுமா என்ற கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்டு, மருத்துவர் தயங்கினால் அந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பந்தயக் குதிரைகளின் நலனில் அக்கறை கொண்ட ஒரு நெடுநாள் பார்வையாளர்